லிந்துலையில் ஒரு ஸ்விட்சும் வெள்ளிக்கிழமை ராகு காலமும்

லிந்துலைப் பக்கம் போகிறவர்கள் அருவி பார்க்கப் போவார்கள், தேயிலை பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு ஸ்விட்சைப் பார்க்க. விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை; கணினிகளையும் போன்களையும் வயர் போட்டு இணைக்கிற இரும்புப் பெட்டி. 2008 ஜூலை மாதம், மலைநாட்டில் மழை கொட்டுகிற நேரம். தோட்டத்தில் தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கொழும்பு அலுவலகத்தில் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை 5.55க்குக் கோட்டையில் ரயில். நிலைய வாசலிலேயே முதல் அதிர்ச்சி. என் பைக்குள் சுருண்டிருந்த நீல வயரைத் தூக்கிப் பிடித்து ஆமிக்காரர் "மே மொனவத?", இது என்ன, என்றார். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்துப் பெயர், பையில் வயர், யுத்த காலம் வேறு. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கணினி வயர் என்று விளக்கி முடிப்பதற்குள் ஜன்னலோர இருக்கை எல்லாம் போய்விட்டது. ஆகவே முதல் யோசனை: அரை மணி முந்திப் போங்கள்.

தலவாக்கலையில் இறங்கும்போது பன்னிரண்டேகால். தோட்டத்துக்குப் பதினொரு கிலோமீட்டர், ஓட்டோவுக்கு 450 ரூபா. "இதை ரோட்டு எண்டு சொல்லுறதோ?" என்று கேட்டேன். ஓட்டோக்காரர் சிரித்தார். "ரோட்டுன்னு சொன்னா ரோட்டுக்கே கோவம் வரும் மிஸ். கெட்டியா புடிச்சுக்குங்க." பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரத்தில் இடுப்பு எது, முதுகு எது என்று தெரியாமல் போய்ச் சேர்ந்தேன்.

தொழிற்சாலை மலை உச்சியில். அலுவலகம் அதன் பக்கத்தில். டிஸ்பென்சரி கீழே பள்ளத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களோடு. அந்தப் பள்ளத்தில் கைத்தொலைபேசிக்கு ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. அதற்காகத்தான் மூன்று இடத்தையும் வலையமைப்பில் இணைத்து, கணினி வழியாகப் பேசும் போன்களை வைத்திருந்தார்கள். மூன்றும் தொழிற்சாலையில் இருந்த ஒரே ஸ்விட்சில்தான் வந்து முடிகின்றன.

பெட்டியைத் திறந்து பார்த்துத் திகைத்துப் போனேன். எனக்கு முன் வந்தவர் ஒரே ஸ்விட்சை மூன்று வீலானாக, அதாவது ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று வலையமைப்பாக, பிரித்திருந்தார். லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கூரை ஒன்று, காம்பரா என்கிற அறை மூன்று, நடுவில் சுவர். பிரித்தது சரி. ஆனால் ஒரு காம்பராவிலிருந்து அடுத்ததற்குப் போகிற வழியை, அதாவது ரவுட்டிங்கை, அவர் போடவே இல்லை. டிஸ்பென்சரியில் இருந்ததோ ஒரே ஒரு போன். அது யாரைக் கூப்பிடும்? தன்னைத்தானா?

அன்று பின்னேரம் டிஸ்பென்சரிக்குப் போனபோது மிட்வைஃப் சரோஜா அக்கா பிளேன்டீ ஊற்றித் தந்தார். "மிஸ், லொறி மேல பெக்டரியில நிக்குது. போன வருசம் எட்டாம் நம்பர் லயத்துல ஒரு புள்ளைக்கு நோவு கண்டிருச்சு. மழையில ஆள் ஓடி லொறிய கூட்டிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. குழந்தை தங்கல. அவ இப்ப திரும்ப நெறமாசமா இருக்கா."

கோப்பையைக் கீழே வைத்தேன். டிஸ்பென்சரி வயரும் தொழிற்சாலை வயரும் அந்தப் பெட்டியில் அடுத்தடுத்த துளைகளில் இருக்கின்றன. இடைவெளி ஒரு விரல் அகலம். அந்த ஒரு விரலுக்காக இங்கே மனிதர்கள் மலையேறி ஓடுகிறார்கள். முன்னால் வந்தவர் கையில் அகப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். தொழிற்சாலை எலெக்ட்ரீசியன் மாரிமுத்து அண்ணன் கதவோரம் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு டீ குடிச்சிட்டுத் தொடங்கலாமே மிஸ்? பன்னெண்டு மணிக்கு மேல நிம்மதியா செய்யலாம்." ஆற அமரச் செய்கிற நிலையிலா நான் இருந்தேன்? காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீலானுக்கும் ஸ்விட்சில் ஒரு முகவரி கொடுத்து, ரவுட்டிங்கை இயக்கி, அந்தந்தப் போனுக்கும் கணினிக்கும் அந்த முகவரியை வாசலாகக் காட்டிவிட்டேன். திரையில் மறுமுனை பதில் சொன்னது. எல்லாப் போனிலும் பேசிப் பார்த்த பிறகுதான் சேமிப்பது என் வழக்கம். அதனால் சேமிக்காமலே லொறியில் கீழே இறங்கினேன்.

டிஸ்பென்சரிப் போனை எடுத்துத் தொழிற்சாலையைக் கூப்பிட்டேன். கிளார்க்கின் குரல் "அலோ" என்றது. சரோஜா அக்கா கையைத் தட்டினார். அடுத்த நொடி போன் செத்துப்போனது.

திரும்ப மேலே ஓடி வந்து பார்த்தேன். ஸ்விட்சின் மின்வயர் பிடுங்கிக் கிடக்கிறது. பெட்டியின் நெற்றியில் விபூதி, சந்தனம், குங்குமம். மேலே செவ்வந்தி மாலை. முன்னால் சூடத் தட்டு. மாரிமுத்து அண்ணன் கையில் தேங்காய், உடைக்கத் தயாராக!

"ஐயோ, தண்ணி தெறிக்கப் போகுது! ஏன் நிப்பாட்டினீங்கள்? செய்ததெல்லாம் அழிஞ்சு போச்சே!"

"மன்னிச்சுக்குங்க மிஸ். எந்த மிசின புதுசா ஓட விட்டாலும் சாமி கும்பிட்டுத்தான் நாங்க தொடங்குவோம். நீங்க ராகு காலத்துல தொடங்கிட்டீங்க. அதான் நிப்பாட்டிட்டு, பன்னெண்டுக்கு மேல நல்லபடியா..."

"ராகு காலமோ? போனுக்குமோ? அந்த எட்டாம் நம்பர் லயத்துப் பிள்ளைக்கு இண்டைக்கே நோவு வந்தால் என்ன செய்வீங்கள்?"

அவர் தேங்காயைக் கீழே வைத்தார். "அந்தப் புள்ள என் மக மிஸ். போன வருசம் மழையில ஓடுனது நான்தான்."

ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "சரி அண்ணை," என்றேன். "தேங்காயை வெளியில உடையுங்கோ. வயரைப் பன்னிரண்டுக்குப் பிறகு நீங்களே சொருகுங்கோ."

அவரே சொருகினார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நான் எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். இந்த முறை முதலில் சேமித்தேன், பிறகு பேசிப் பார்த்தேன். கீழே இருந்து சரோஜா அக்காவின் குரல் தெளிவாக வந்தது. மாரிமுத்து அண்ணன் போனை இரண்டு கையாலும் பிடித்து, "கேக்குது, கேக்குது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஜூலையில் கம்பளிச் சட்டை இரண்டு வேண்டும். திரும்பும் ஓட்டோவைப் போகும்போதே பேசி வையுங்கள். ஸ்விட்சில் தேயிலைத் தூசு படியும், மூடி போட்டுக் கொடுங்கள். செய்ததை உடனே சேமியுங்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை டீ குடியுங்கள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் நான் கட்டளை அடித்துக் கேட்டதையே அவர் சூடம் கொளுத்திக் கேட்டார்.

மூன்றாம் வாரம், அலுவலகத்தில் மத்தியானச் சோற்றுக்கு எழும்பும்போது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. மாரிமுத்து அண்ணன். நுவரெலியா ஆஸ்பத்திரியில் யாரிடமோ கைத்தொலைபேசி இரவல் வாங்கியிருக்கிறார்.

"மிஸ், காலையில கீழ இருந்து போன் அடிச்சிச்சு. நான்தான் எடுத்தேன். லொறி ஒடனே போயிருச்சு." பிறகு போனை எங்கேயோ நீட்டிப் பிடித்தார். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"கேக்குதா மிஸ்?"

கேட்டது.