‘மை ஃபாதர் ஆல்சோ பீட் மீ’

நனைந்த வின்டர் ஜாக்கெட்டுகளும் ரேடியேட்டர் சூடும் சேர்ந்தால் ஒரு புளித்த வாசம் வரும்... கிரேட் டென்னில், நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கும் ஈ.எஸ்.எல். வகுப்பு என்றால் எனக்கு இன்றும் அந்த வாசம்தான்.

மன்னாரிலிருந்து கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த காலம். பிரசன்டேஷனை நன்றாகச் செய்தால் மற்றப் பிள்ளைகளோடு வழக்கமான இங்கிலிஷ் வகுப்புக்குப் போகலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். எனக்கு வந்த தலைப்பு, பெயர்பெற்ற ஓர் அயர்லாந்து எழுத்தாளரின் சிறுவயதும் படிப்பும்.

வாசித்துப் பார்த்தால்... அட, இவர் நம்முடைய ஆள்! சின்ன வயதிலேயே கத்தோலிக்கக் குருமார் நடத்தும் விடுதிப் பள்ளிக்கூடம். பூசை, செபம், பிழை விட்டால் கையில் அடி. நானும் அப்படிப் படித்தவன்தானே. வகுப்புக்கு முன்னால் நின்று வெளுத்து வாங்கினேன்.

“ஃபாதர் பீட் ஹிம், மிஸ். மை ஃபாதர் ஆல்சோ பீட் மீ. வெரி குட் ஃபாதர்!”

மிஸ் கொப்பியில் ஏதோ அவசரமாகக் குறித்துக்கொண்டார்.

எங்களுக்கு ஃபாதர் என்றால் கோயில் குருவானவர். பெற்றவர் அப்பா. கனடாவில் இரண்டு பேருக்கும் ஒரே சொல் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அடுத்த நாள் அப்பாவை வேலையிலிருந்து கூப்பிட்டு, பள்ளிக்கூட ஆபீஸில் மிஸ்ஸுக்கு முன்னால் என் பக்கத்தில் இருத்திவிட்டார்கள். என்மேல் ஒரு நாளும் கை வைக்காத மனிதர்.

“என்ன தம்பி, ஏதும் குழப்படி செய்தனியோ?”

“இல்லையப்பா. நீங்கள் எனக்கு அடிக்கிறனீங்களெண்டு நினைக்கினம்.”

“நானோ?”

அவர் முகம் செத்துப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பி நின்று, குருவானவர் யார், அப்பா யார், அடித்தது யார், வேலையால் களைத்து வந்தும் எனக்கு முட்டை பொரித்துத் தருவது யார் என்று மூச்சு விடாமல் இங்கிலிஷில் கொட்டினேன். கிராமர் எல்லாம் காற்றோடு போயிற்று...

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, வருகிற வாரமே நீ வழக்கமான வகுப்புக்குப் போகலாம் என்றார்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“பாஸாம் அப்பா.”

“ஓம், உந்தக் கதை கதைச்சால் பாஸ் பண்ணாமல் என்ன செய்யிறது!”

இப்போது பிக்கரிங்கில் வீடு. மீட்டிங்குகளில் ஒரு சொல் பிசகாமல் பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். அப்பா போய்விட்டார். ஆனாலும் என் வாழ்க்கையில் நான் பேசிய திறமான இங்கிலிஷ் எது என்று கேட்டால்...

அவருக்காகப் பேசிய, அவருக்கு ஒரு சொல்லும் விளங்காத, அந்த ஓட்டை இங்கிலிஷ்தான்.