பொன்னாடை போர்த்தி உட்கார வைத்தோம்

கண்டியில் எங்கள் சங்கக் கூட்டங்களில், காது கேளாதோருக்கு எல்லாவற்றையும் சைகையில் சொல்பவர் ராணி டீச்சர். அன்று அவருக்கே பாராட்டு விழா. பொன்னாடை போர்த்தி, "இன்னைக்காவது சும்மா உட்காருங்க டீச்சர்" என்று மேடைக் கதிரையில் அமர்த்தினேன். மாற்று ஆள் வைக்கத் தோன்றவில்லை.

பாராட்டுரையின் நடுவே மண்டபத்தின் பின்சுவரில் மின்சாரப் பெட்டி தீப்பிடித்தது. "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று மைக்கில் கத்தினேன். பின்வரிசைகள் காலியாகின. முன்வரிசையில் காது கேளாதோர் மட்டும் என்னையே பார்த்தபடி இருந்தார்கள். பதறிப்போய் இரு கைகளையும் ஆட்டினேன். அவர்களுக்கு அதுதான் கைதட்டல். சிரித்துக்கொண்டு அவர்களும் ஆட்டினார்கள். புகை அவர்கள் முதுகுக்கு வந்துவிட்டது.

மாலைகளுக்குள் புதைந்திருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பொன்னாடையை உதறிவிட்டு, சைகையில் பக்கக் கதவைக் காட்டினார். எல்லோரும் தப்பினோம்.

இப்போது சைகையில் சொல்ல ஆள் வந்து நிற்காமல் நான் மைக்கைத் தொடுவதில்லை. டீச்சருக்கு அன்று செய்திருக்க வேண்டிய மரியாதையும் அதுதான்.