மயில்துத்தம் போட்ட குளம்

சிங்கப்பூர் ஜூரோங்கில் ஊர்க் கழிவுநீரைத் தேக்கிச் சுத்தம் செய்யும் மூன்று குளங்களுக்கு நானும் இன்னொருவரும் காவல். அவரை அண்ணன் என்பேன். நுரை ஒதுக்குவது, அடைப்பு எடுப்பது எங்கள் வேலை. சிராங்கூன் ரோட்டில் யாராவது கேட்டால் 'குளத்து ஆபீசர்' என்பேன். மூக்கு உள்ளவர்கள் நம்பவில்லை.

அண்ணனும் நானும் தினக்கூலி. நிரந்தரமானால் குடியிருக்க குவார்ட்டர்ஸ் உண்டு. அதுவரை அவர் மனைவிக்கு சிராங்கூன் ரோட்டில் தன் தம்பி வீட்டு நடையில் ஒரு பாய். அவருக்கு பம்ப் கொட்டகை. எஞ்சினியர் வந்து கடைசிக் குளத்துத் தண்ணீரைச் சோதித்து நல்லது என்று எழுதினால் வேலை உறுதி என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் சொல்லியிருந்தார்.

"வியாழக்கிழமை வர்றாரு. ஒண்ணும் பண்ணாத, சும்மா இருலா," என்றுவிட்டு ஞாயிறன்று அண்ணன் மனைவியைப் பார்க்கப் போனார்.

சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் பெரிய ஆளாகியிருப்பேன். கடைசிக் குளம் கெட்டிப் பச்சையாகக் கிடந்தது. சோம்பேறிகள் என்று எஞ்சினியர் நினைப்பாரே! கிணற்றில் பாசி பிடித்தால் மயில்துத்தம் போடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் அது. வாங்கி வந்து, கோணியில் கட்டித் தண்ணீரில் விட்டு, கரை நெடுக இழுத்தேன்.

செவ்வாயன்று தண்ணீர் தெளிந்து என் முகம் தெரிந்தது. அதிலேயே விபரீதம் புரிந்திருக்க வேண்டும்.

"டேய், பச்ச எங்கடா?" என்றார் திரும்பி வந்த அண்ணன்.

"கழுவிட்டேன்ண்ணே! மயில்துத்தம். எப்படி?"

அண்ணன் கரையில் உட்கார்ந்துவிட்டார். "வெயில்ல அந்தப் பச்ச விடுற காத்துலதான்டா அழுக்கு அழியும். அதுதான் வேலக்காரன். நாம அதுக்கு வாட்ச்மேன்."

வியாழனன்று குளம் கறுத்து, மீன்கள் செத்து மிதந்தன. எஞ்சினியர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாட்டிலில் தண்ணீர் எடுத்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"எவன்டா மருந்து போட்டது?" என்றார் மண்டோர்.

ஊரையே சிரிக்க வைக்கும் என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நான்தாங்க."

அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். "நான் போய் உண்மையச் சொல்லிர்றேன்ண்ணே," என்றேன்.

"என் ஆளு நீ. உன்ன வச்சு வேல பாத்தவன் நான். சொன்னா ரெண்டு பேரும் போவோம்," என்றார். "பச்ச தானா வரும். கை வைக்காத."

வந்தது. அடுத்த வருஷம் எஞ்சினியர் நல்லது என்று எழுதினார். நிரந்தரமானது நான். குவார்ட்டர்ஸ் சாவியைக் கையில் வாங்கியதும் நேரே சிராங்கூன் ரோட்டுக்கு ஓடினேன்.

"அக்காவும் மாமாவும் ஊருக்குக் கப்பலேறி மூணு மாசமாச்சே," என்றார் தம்பி.

பாய் கிடந்த நடையில் ஒரு சைக்கிள் நின்றது.