மூதூர் லாஞ்சின் டிக்கெட்காரர்

தோளில் ஈரத் துவாயோடு டிக்கெட் கொடுக்கும் அவருக்கு, காற்றில்லாத நாளிலும் கத்தித்தான் பேச வரும். இரண்டாந்தரமும் பரீட்சையில் கோட்டைவிட்டதால் பல்கலைக்கழகம் என்னை நீக்கியிருந்தது. மூதூர்த் துறையடியில் வாப்பாவின் கடை. இறங்கப் பயந்து, படிப்பில் காட்டாத விடாமுயற்சியோடு அந்த லாஞ்சுப் படகிலேயே திருகோணமலைக்கும் மூதூருக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, இன்னும் இறங்கேல்லையோ?"

"கம்பஸால கலைச்சுப்போட்டாங்கள் அண்ணே. வாப்பாட முகத்தில முழிக்க ஏலாது."

"அப்ப நானும் கலைச்சாத்தான் போவீங்களோ?"

என் பெட்டியோடு கரையில் குதித்தார். பெட்டிக்காக நானும் இறங்கினேன்.

"முதலாளி! உங்கட மகன் உசிரோட இருக்கிறார்!"

வாப்பா பதறி ஓடிவந்து கட்டிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"அது கிடக்கட்டும், சாப்பிட்டியா மகன்?"

உயிரோடிருப்பதற்காக நான் பாராட்டுப் பெற்றது அன்று மட்டுந்தான். அந்த டிக்கெட்காரர் யோசித்துக் கத்தினாரா, வழக்கம்போல் கத்தினாரா என்பது இன்னும் பிடிபடவில்லை.