காலண்டரில் ஆந்தை

மலாக்கா டவுனில் டச்சுக்காரர்கள் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் படம் எடுக்காத மனிதர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். நானும் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் யாருடைய செல்ஃபி ஸ்டிக்காவது குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு டவுன் பக்கமே போகவில்லை. கோலா சுங்கை பாருவில் கடல் வற்றிய நேரத்துச் சேறு, ஜாசின் போகும் வழியில் கூரை இறங்கிய கடைகள் என்று யாருக்கும் வேண்டாதவற்றைத் தேடிப் போனேன். வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்ப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை எதையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் போலிருக்கும். கலை என்றெல்லாம் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

ஆந்தையைக் காட்டியவர் என் வீட்டுக்காரர். மெர்லிமாவுக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவர் மண்டோர். ஆட்களை வேலை வாங்குகிறவர். நாங்கள் குடியிருப்பதும் தோட்டத்து வீட்டில்தான். செம்பனைப் பழத்தை எலி தின்னும், எலியை ஆந்தை தின்னும். அதனால் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்து ஆந்தைகளைக் குடியேற்றுவார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. இங்கே ரப்பர் மரம் இருந்த காலத்தில் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைத்த இடம். அதற்கு எதிரே இருந்த பெட்டியை அவரே ஏணி போட்டு ஏற்றியிருந்தார். ஒரு சாயங்காலம் என்னைக் கூட்டிப்போய், "சத்தம் போடாம உக்காரு, வரும்," என்றார்.

வந்தது. பவுடர் அப்பிய குழந்தை மாதிரி வெள்ளை முகம். அத்தனை பெரிய சிறகை விரித்துப் பறந்தும் காதில் ஒன்றும் விழவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே நாங்கள் அங்கேதான். அவர் கொசுவைக்கூட அடிக்காமல் தடவித் தடவி ஓட்டுவார். குஞ்சுகள் பொரித்தபிறகு பெட்டிக்குள்ளிருந்து, டயரில் காற்று இறங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டு அவர் தனக்குள் சிரித்துக்கொள்வார். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அதைப்பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆந்தை சிறகு விரித்து வரும்போது நான் எடுத்த படத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். "இதப் போயி வீட்ல மாட்டி வச்சிடாதே. மலாய்க்காரவங்களே இத புரோங் ஹந்துன்னு சொல்றாங்க. பேய்ப் பறவைலா," என்றார். தோட்டத்து ஆபீஸில் மட்டும் பிடித்துப்போயிற்று. அடுத்த வருடக் காலண்டரில் போடலாமா என்று கேட்டார்கள். வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு மேனேஜர் மாறினார். எலி கூடிவிட்டது, ஆந்தையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, எல்லா மரத்தடியிலும் மருந்து வைக்க வேண்டும் என்றார் புதியவர். சிவப்பு மெழுகுக் கட்டி. ஆட்களோடு போய் அதை வைக்கும் வேலை என் வீட்டுக்காரருடையது.

"மருந்து தின்ன எலி உடனே சாகாது, பாஸ். தள்ளாடிக்கிட்டு கெடக்கும். அதத்தான் ஆந்தை புடிக்கும்," என்று மலாயில் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"நாம எலிக்குத்தானே வைக்கிறோம்?" என்றாராம் மேனேஜர்.

பெரிய ஆந்தைகள் இரண்டில் ஒன்று முதலில் மரத்தடியில் செத்துக் கிடந்தது. அலகில் ரத்தம். மற்றது தொடர்ந்து எலி கொண்டுவந்தது. கொடுமை அதுதான். அது பாசமாக ஊட்ட ஊட்டக் குஞ்சுகளுக்குள் மருந்து போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு பெட்டியில் சத்தம் இல்லை. அவர் ஏணியில் ஏறினார். மேலேயே வெகுநேரம் நின்றார். இறங்கி வந்து உரச் சாக்கை விரித்துக் குஞ்சுகளை அதில் கிடத்தினார்.

"படம் எடு. இத பாத்தா மனசு மாறும்."

எடுத்தேன். படம் துல்லியமாக விழுந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று சொல்ல எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மேனேஜர் அதைத் தன் போனில் வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப கிளியரா இருக்கே. என்ன கேமரா?" என்று கேட்டாராம்.

வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"நான் வைக்கலன்னா வேற ஆளு வைப்பான். வேலை போனா வீடும் போயிரும். இந்த வயசுல எங்க போறது?"

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபப்பட்டாவது ஆறலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா மட்டும், இப்போதெல்லாம் ராத்திரி அந்தக் கத்தல் இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றார்.

வருடக் கடைசியில் வீட்டுக்கு ஒரு காலண்டர் வந்தது. ஒரே தாளில் பன்னிரண்டு மாதமும். மேல் பாதி முழுக்க என் ஆந்தை, சிறகு விரித்தபடி, பின்னால் செங்கல் கட்டடம். இயற்கையை நேசிப்போம் என்று மலாயில் ஒரு வரி. நான் குப்பையில் போடப் போனேன். அவர் வாங்கி அடுப்படி ஆணியில் மாட்டினார். மருந்து வைக்கும் நாட்களை அதில்தான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

"இத கழட்டுங்க. என்னால பாக்க முடியல."

"இருக்கட்டும்லா. அது மூஞ்சிய பாத்துட்டுத்தான் நான் போவணும்."

கேமரா அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. இனி எடுப்பேன் என்று தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எங்கேயும் போவதில்லை. நாளைக்கு வட்டம் போட்ட நாள். மருந்து வைக்க அவர் போட்டுக்கொள்ளும் கையுறைகளைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறேன்.