மோதிரத்தைக் கழற்றியவர்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர் அவர். கார் அசெம்ப்ளி லைனில் கதவு மாட்டுகிறவர். ஒடிசலான ஆள். ஏறியதும் தூங்கிவிடுவார், அவர் இறங்கும் பிள்ளைப்பாக்கம் வந்ததும் தினமும் நான்தான் தட்டி எழுப்புவேன்.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வரும்போது வல்லக்கோட்டை அருகே பஸ் பஞ்சர். எதிரே டீக்கடையில் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றிருந்தது. நாளெல்லாம் கார் செய்த எங்களுக்கு இன்னொரு காரைப் பார்க்க என்ன அவசரமோ, எல்லோரும் ஓடினோம்.

அவர் கடைசியாக வந்தார். வாட்சையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பெயின்டில் கீறல் விழக்கூடாது என்று லைனில் அதுதான் சட்டம். ஆனால் இது ரோடு.

"இதோட முதல் மாடல்லேருந்து போன்ல பாத்துக்கினு வரேன். லைட்டு மாறிச்சி, இன்ஜின் மாறிச்சி. இந்தப் பின்பக்கச் சரிவு மட்டும் அப்டியே கீது பாரு. அதான் தூரத்துலயே தெரிது."

"தொட்டுப் பாருண்ணா, அதோ டீ குடிக்கிற ஓனர் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"வேணாம்பா. காலைலேருந்து காரத்தான் தொட்டுக்கினு இருந்தேன். ஒண்ணையாச்சும் சும்மா பாத்துக்கறேன்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

பஸ் மறுபடி கிளம்பியதும் அன்று அவரை நான் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தபடியே வந்து இறங்கிப் போனார். மோதிரம் இன்னும் பாக்கெட்டிலேயே, விரல் வெறுமையாகத்தான் இருந்தது.