வலது காதுத் தோடும் இடது தாடையின் கறுப்பும்

என் மகள் நிவேதா இடது பக்கம் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான், எனக்குத் தெரியவில்லை. கோடை விடுமுறைக்கு வெள்ளிமலை போனவளைப் பார்த்த மறுநாளே கண்டுபிடித்தவர் அவளுடைய மாமா, என் மனைவியின் அண்ணன் ராஜேந்திரன். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் வண்டி ஓட்டுகிறார்.

“மாப்ள, புள்ள ஒரு பக்கமாவே மென்னுகினு இருக்குது. இன்னான்னு கேட்டா, வாய்ல உப்புத் தண்ணியா ஊறுதாம். வலி இல்லியாம். நீ பாக்கலியா?” என்றார் போனில்.

அந்தக் கடைசிக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன்.

“உன்கிட்ட சொன்னா நீ பயந்துக்குவப்பா.”

பிள்ளைக்கு நோய் வந்தால் பயம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பொறாமையும் கூடவே வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதே வழியில் நடக்கும் பெற்றோருக்கு அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் பல் மருத்துவர் அவள் ஈறை அழுத்திப் பார்த்தார். ஓ.பி.ஜி. (இரண்டு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுக்கச் சொன்னார். பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன் நான். ஆனாலும் கதிர்வீச்சு ஆபத்தில்லையா என்று கேட்டேன்.

“அளவு ரொம்பக் கம்மிங்க சார். ஆனா அவசியம் இல்லாம யாருக்கும் எழுத மாட்டேன்” என்றார் அவர்.

இந்தப் படம் எதற்கு என்று நீங்களும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஸ்கேன் சென்டரில் இருந்த பெண், “கம்மல், செயின், ஹேர்பின் எல்லாத்தையும் கழட்டிடுங்க” என்றாள். நிவேதாவின் காதில் இருந்தது மஞ்சள் நீராட்டில் தாய்மாமன் போட்ட தோடு. எங்கள் பக்கத்தில் திருகாணியில் நூல் சுற்றி, விழாதபடி இறுக்கிவிடுவார்கள். அன்று போட்டதுதான். பிறகு கழற்றவே இல்லை.

நான் திருகினேன். அவள் முகம் சுளித்தாள். “நீ வுடுப்பா. மாமா கழட்டும்.”

எங்களை ஏற்றி வந்த வண்டியை நிறுத்திவிட்டு வந்த மாமா இடது காதுத் தோட்டைக் கழற்றிவிட்டார். வலது காதுத் தோடு அவருக்கும் அசையவில்லை.

“நோவு இந்தப் பக்கம்தான மாப்ள? அந்தக் காது இன்னா பண்ணுது?” என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வலது காதை முடி மூடியிருந்தது. “எல்லாம் கழட்டியாச்சும்மா” என்று மாமா குரல் கொடுக்க, அவளை உள்ளே அனுப்பினார்கள்.

வலி கொஞ்சமும் இல்லை. நேராக நின்று, முன்பற்களால் ஒரு சிறு குச்சியைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்து, ஆடாமல் இருக்க வேண்டும். கருவி தலையைச் சுற்றி வரும். அவ்வளவுதான்.

திரையில் படம் வந்தது. கீழே இடது தாடையில் ஒரு கறுப்பு. அதே பக்கம் மேல்தாடையில் மங்கலாக ஒரு வெள்ளைத் திட்டு. மேலேயும் பரவிவிட்டது என்றே நினைத்தேன். 

அந்தப் பெண் படத்தை உற்றுப் பார்த்தாள். “வலது காதுல கம்மல் இருக்குதா?”

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

“மெஷின் சுத்தி வருது இல்லீங்களா? இந்தப் பக்கத்து உலோகம் அந்தப் பக்கத்துல, கொஞ்சம் மேல, நிழலா விழும். அதுக்குத்தாங்க எல்லாத்தையும் கழட்டச் சொன்னது. மறுபடி எடுக்கணும்.”

அடுத்த தெருவில் நகை செய்யும் ஒரு பத்தர் திருகாணியை வெட்டி எடுத்தார். மாமாவின் முகம் செத்துப்போயிருந்தது. “என்னாலதான் புள்ளைக்கு ரெண்டாவது வாட்டி” என்று முனகினார். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்: அந்த நேரத்திலும் எனக்குள் ஏதோ இனித்தது. அவருக்கும் ஒன்று தெரியாமல் போயிற்றே.

இரண்டாவது படத்தில் வெள்ளைத் திட்டு இல்லை. கறுப்பு அப்படியே இருந்தது. முளைக்காமல் படுத்துக் கிடந்த கடைவாய்ப்பல்லைச் சுற்றி, நெல்லிக்காய் அளவில்.

“படம் எங்க இருக்குன்னுதான் காட்டும். என்னன்னு சொல்லாது” என்றார் மருத்துவர். சேலத்தில் பயாப்சி (சதையில் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்தார்கள். முடிவு மோசமாக வந்தால் தாடையில் ஒரு பகுதியையே வெட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

முடிவு வரும்வரை நான் மனிதர்களைப் பார்க்கவில்லை, வாய்களைத்தான் பார்த்தேன். சின்னசேலம் பஸ் நிறுத்தத்தில் வறுத்த கடலையைக் கடித்துக்கொண்டிருந்த பெண்கள். என் வகுப்பில் பேனா மூடியை மென்ற பிள்ளைகள். இத்தனை தாடைகள் இருக்க, என் பெண்ணுடையதா? அவர்கள் எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது.

புற்று இல்லை. திரும்ப வரக்கூடிய வகை நீர்க்கட்டி. அறுவை செய்து, பல்லோடு எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தவள் வீங்கிய வாயால் முதலில் கேட்டது, “மாமா சாப்ட்டுச்சா?” கட்டில் ஓரம் நின்றவன் நான்தான்.

ஓராண்டு கழித்து மறுபடி ஓ.பி.ஜி. எடுத்தோம். பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதிய படம் பேசும். கறுப்பு இருந்த இடத்தில் சாம்பல் நிறம் படர்ந்திருந்தது.

“எலும்பு வருது. ஆனா வருஷா வருஷம் பாக்கணும்” என்றார் மருத்துவர்.

“எத்தினி வருஷங்க?” என்றாள் நிவேதா.

“ரொம்ப வருஷம்மா.”

வெளியே வந்ததும் போனை என்னிடம் நீட்டினாள். “மாமாகிட்ட நீயே சொல்லுப்பா.”

“மச்சான், எலும்பு வளருதாம்” என்றேன்.

 மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “மாப்ள, இங்க டவர் இல்ல, அப்புறம் பேசறேன்” என்றார். அவர் குரல் தெளிவாகத்தான் கேட்டது.

நினைத்ததும் அவரால் அழ முடிகிறது. என்னால் இன்னும் முடியவில்லை. அதற்கும் பொறாமைதான். என் நாக்கு என்னைக் கேட்காமலே இடது கடைவாய்ப்பல்லைப் போய்த் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது, வகுப்பிலும் தூக்கத்திலும். அவள் தாடையில் எலும்பு ஊறும் வேகத்தில்தான் எங்கள் வீட்டில் இப்போது நாள் நகர்கிறது. அவசரப்படுத்த வழியில்லை.